நார்த்தங்காய்க்கு ஏங்கிய சித்தி

எங்கள் வீட்டில் உப்பு நார்த்தங்காய் ஜாடி ஒன்று எப்போதும் இருக்கும். சுருளாக வெட்டி, உள்ளே உப்பைத் திணித்து, மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தது. ஒரு சாப்பாட்டுக்கு ஒரு துண்டு என்பது அம்மாவின் கணக்கு. 2019இல் சித்தி வந்து தங்கியிருந்த பத்து நாளில் ஜாடி பாதியாகிவிட்டது. மோர்ச்சோற்றுக்கு நாலைந்து துண்டு, அப்புறம் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சும்மா வாயில் ஒன்று. ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். சித்தி கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அம்மாவிடம் சொல்ல, அம்மா ராத்திரி எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார். "ஏன்டி, அம்பத்திரண்டு வயசுல மசக்கையா?" வீடே சிரித்தது. சித்தியும் சிரித்தார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் லேப் டெக்னீஷியன். மதுரையில் ஒரு தனியார் லேபில் பல வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'கார்டிசால், காலை 8 மணி' என்று மாதத்துக்கு எத்தனையோ சீட்டு என் மேஜைக்கு வரும். அந்த ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி பழுதானால் உப்பின் மேல் ஆசை வரும் என்று டிப்ளமோ படிக்கும்போது மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன்தான் நான். அந்த மத்தியானம் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சித்தி வீடு கம்பம் பக்கம். ஒன்றேகால் ஏக்கரில் பன்னீர் திராட்சை. பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க நிற்கிற உடம்பு. அதனால் அவர் கறுத்துப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெயில்ல நின்னா கறுக்காம சிவக்குமா?" என்று அவரே சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கறுப்பு வெயில் படாத இடத்திலும் இருந்தது. உள்ளங்கை ரேகைகள் பேனாவால் கோடு போட்டது மாதிரி இருந்தன. விரல் மொழிகளின் மேல் புகை படிந்த கருமை. என் பெரியப்பா மகள் ஒருத்தி, பாவம் நல்ல எண்ணத்தில்தான், மஞ்சளும் கடலைமாவும் பூசச் சொல்லி ஒரு பொடி அரைத்துக் கொடுத்தாள். சித்தி அதை மூன்று மாதம் பூசியிருக்கிறார். நம் வீடுகளில் ஒரு பெண் கறுத்தால் முதலில் வருவது கடலைமாவுதான். டாக்டர் அப்புறம்தான்.

எடை 58 கிலோவிலிருந்து 45க்கு வந்திருந்தது. காலையில் எழுந்து நின்றால் கண்ணைக் கட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். வாரம் பத்து நாளைக்கு ஒருதரம் வாந்தி. ஊரில் காட்டிய இடத்தில் 'கேஸ்' என்றார்கள், பிறகு 'அல்சர்' என்றார்கள், பிறகு 'பலவீனம்' என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் சலைன் ஏற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு தடவையும் அந்த பாட்டில் வேலை செய்தது. ஏற்றிவிட்டு வந்த அன்று சித்தி தெம்பாக இருப்பார், தோட்டத்துக்குப் போவார், நாலு நாளில் மறுபடி சுருண்டுவிடுவார். "ஒரு பாட்டில் ஏத்துனா சரியாயிடும் தம்பி" என்பது அவருடைய வழக்கமான பேச்சாகிவிட்டது. உடம்பு எதை வெளியே கொட்டிக்கொண்டிருந்ததோ அதே உப்பும் நீரும்தான் அந்த பாட்டிலில் இருந்தது, கூடவே உடம்பில் குறைந்துகொண்டிருந்த சர்க்கரையும். நார்த்தங்காய் ஜாடியில் இருந்ததும் அந்த உப்புதான்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் சித்திக்குக் காய்ச்சல். சாதாரண சளிக்காய்ச்சல். மறுநாள் ராத்திரி மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் 70க்கு 40. சோடியம் 117, இயல்பில் 135க்குக் குறையக்கூடாது. பொட்டாசியம் 6.1, அது 5ஐத் தாண்டினாலே நாங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டு டாக்டருக்கு போன் செய்வோம். சர்க்கரை 54. அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. தூக்கக் கலக்கம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் நேராக வந்து சித்தியின் கையைத் திருப்பிப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். "ஈறு எப்பவுமே இப்படித்தானா, இல்ல புதுசா கறுத்ததா?" என்று என் தங்கச்சியிடம், அதாவது சித்தி மகளிடம், கேட்டார். நம் ஆட்களுக்கு ஈறு கறுப்பாக இருப்பது பிறவியிலேயே உண்டு. புதிதாக வந்ததா என்பதுதான் கேள்வி. அப்புறம் தழும்புகளைத் தேடினார். வயிற்றில் இருபது வருடத்துக்கு முந்தைய அப்பென்டிக்ஸ் தழும்பு வெளுத்தே இருந்தது. முந்தின வருடம் தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட முன்கைத் தழும்பு மட்டும் கரித்துண்டு போல இருந்தது. நோய் வந்த பிறகு ஆறுகிற காயம்தான் அப்படிக் கறுக்குமாம்.

"உப்பு ரொம்பக் கேப்பாங்களா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்துக் கொடுக்கச் சொன்னவர், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன், அதாவது மருந்தாக வரும் கார்டிசால், 100 மில்லிகிராம் ஊசியை உடனே நரம்பில் போட்டார், பக்கத்தில் சலைன் வேகமாக ஓடியது. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சித்தி கண்ணைத் திறந்து காபி கேட்டார். எட்டு மாதமாக வாடிக்கொண்டிருந்தவர், ஆறு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, சர்க்கரை பத்தவில்லை என்று குறையும் சொன்னார். அவ்வளவு நாடகமான ஒரு திருப்பத்தை என் வேலையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கார்டிசால் ரிப்போர்ட் பிற்பாடு வந்தது: 1.4. அந்த மாதிரி நெருக்கடியில் நல்ல உடம்பாக இருந்தால் அது இருபதைத் தாண்டி எகிறியிருக்க வேண்டும்.

அட்ரினல் என்பது சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடிச் சுரப்பி. ஒன்று நாலைந்து கிராம்தான். வலப்பக்கத்தது முக்கோணம், இடப்பக்கத்தது பிறைவடிவம். வெளியே மஞ்சள் பட்டை, உள்ளே பழுப்பான மையம். பட்டையும் மையமும் தனித்தனிக் குடித்தனம். ஒரே காம்பவுண்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டையில் மூன்று அடுக்கு. மேலடுக்கு அல்டோஸ்டிரோனைச் சுரந்து உப்பைக் காக்கும், நடு அடுக்கு கார்டிசாலைச் சுரக்கும், அடியடுக்கு ஆண்பாலின ஹார்மோன்களின் மூலப்பொருளைத் தரும். உப்பு, சர்க்கரை, பாலினம் என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். மையத்திலிருந்து வருவது அட்ரினலின்.

பள்ளிக்கூடத்தில் நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடைசிப் பேர்தான். நாய் துரத்தினால் ஓடவைப்பது, அவசரகால ஹார்மோன். சுரப்பியின் பேரையே அது எடுத்துக்கொண்டது. ஆனால் அட்ரினலின் இல்லாமல் மனுஷன் சமாளித்துவிடுவான், அதே வேலையைச் செய்ய நரம்புகளில் வேறு ஏற்பாடு உண்டு. கார்டிசால் இல்லாமல் முடியாது. சத்தமே இல்லாமல் அது விடியற்காலையில் ஏறி, கண்விழிக்கும் நேரத்தில் உச்சத்துக்கு வந்து, பகல் போகப்போக இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்வது அதனால்தான். "பத்தரைக்கு வந்தா ஆகாதா சார்?" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வற்றியிருக்கிறது. ரத்தக்குழாய் தளராமல் பிடித்திருப்பது, பட்டினியில் சர்க்கரை கீழே போகாமல் பார்த்துக்கொள்வது, காய்ச்சலோ அடியோ வந்தால் உடம்பை நிமிர்த்தி நிற்கவைப்பது எல்லாம் இதன் பொறுப்பு. சளிக்காய்ச்சலுக்குச் சித்தி விழுந்தது இந்த முட்டுக்கொடுப்பு இல்லாமல்தான்.

சரி, எனக்கு ஏன் தோன்றவில்லை? யோசித்துப் பார்த்தால் காரணம் அப்பத்தா.

அது 2016. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. வாரச்சந்தை அன்று வந்து உட்காரும் ஒருவரிடம் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேப்பரில் மடித்த மூன்று மாத்திரை, பேர் கிடையாது, அட்டை கிடையாது. சாப்பிட்ட மூன்றாம் நாள் கம்பை மூலையில் சாத்திவிட்டுக் கோவிலுக்கு நடந்து போனார். வீட்டில் அந்த ஆளைச் சாமி மாதிரி பேசினோம். ஆறேழு மாதத்தில் அப்பத்தா முகம் உருண்டு, கன்னம் சிவந்து, பிடரிக்குக் கீழே ஒரு திமில் வைத்தது. "அப்பத்தா சதை போட்டுருச்சு, முகத்துல களை வந்துருச்சு" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கையும் காலும் மட்டும் குச்சியாக மெலிந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. வளையல் இடித்த இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் கட்டியது. சர்க்கரை 280.

அப்புறம் ஒருநாள் சந்தைக்கு அந்த ஆள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பத்தாம் நாள் அப்பத்தா கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தார். பொட்டலத்தில் இருந்தது ஸ்டீராய்டு, அதாவது கார்டிசாலின் செயற்கைத் தம்பி, என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்ததால் மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி உத்தரவு போடுவதையே விட்டுவிட்டது. உத்தரவு வராத சுரப்பி சுருங்கித் தூங்கிவிட்டது. பொட்டலம் நின்ற அன்று உள்ளே எழுப்ப ஆளில்லை. ஸ்டீராய்டை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்த எல்லாருக்கும், திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது தெரிந்திருக்காது. அப்பத்தாவுக்கு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சுரப்பி கண்விழிக்க ஒன்பது மாதம் ஆனது. எட்டு மணி ரத்தம் ஒவ்வொரு தடவையும் நான்தான் எடுத்தேன். ஆக, அட்ரினல் கோளாறு என்றால் என் மனதில் பதிந்துபோனது அப்பத்தாவின் உருண்டை முகம். சித்தி மெலிந்து கறுத்து வந்து நின்றபோது அந்தப் படத்தோடு எங்கேயும் பொருந்தவில்லை.

இந்த மருந்தைத் திட்டவும் எனக்கு மனது வராது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு, எட்வர்ட் கெண்டால் அட்ரினலிலிருந்து கண்டறிந்த ஒரு பொருளை ஊசியாகப் போட்டார். பிற்பாடு அதற்குக் கார்டிசோன் என்று பேர் வந்தது. சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950இலேயே ஹென்ச், கெண்டால், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அப்பத்தா கம்பைச் சாத்திவிட்டுக் கோவிலுக்குப் போனதும் அதே அதிசயம்தான். முகம் உருள்வதும் மனம் பிறழ்வதும் அந்த முதல் சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் உலகம் அளவு பார்த்துக் கொடுக்கப் பழகியது. 2020இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, வென்டிலேட்டரில் கிடந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதுவும் ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம். அடுத்த வருடம் அதையே கண்டபடி, தேவையில்லாதவர்களுக்கும் கொடுத்ததும், சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதும் சேர்ந்து கறுப்புப் பூஞ்சையைக் கொண்டுவந்ததையும் நாம் பார்த்தோம்.

முகம் வெளுக்க என்று கடையில் வாங்கிப் பூசும் சில கிரீம்களில் இருப்பதும் இதே குடும்பம்தான். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று டியூபில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். 2018இல் இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. எங்கள் லேப் இருக்கும் தெருவில் இன்றைக்கும் பேரைச் சொன்னால் கொடுப்பார்கள். தோல் மெலிந்து, முகத்தில் பூனைமுடி அடர்ந்து, வெயிலில் நின்றால் தகதகவென்று எரிகிற கல்லூரிப் பெண்களை ரத்தம் எடுக்க வரும்போது அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் வீட்டில் சித்திக்குப் பொடி அரைத்துக் கொடுத்தவள், நல்லவேளை, கிரீம் வாங்கிக் கொடுக்கவில்லை.

இரண்டு பேருக்கும் தீர்ந்தது ஒரே கார்டிசால். அப்பத்தா கறுக்கவில்லை, உப்பும் கேட்கவில்லை. சித்திக்கு இரண்டும் வந்தது. இதை எனக்குப் புரியவைத்தவர் சித்தியைப் பிற்பாடு பார்த்த ஹார்மோன் மருத்துவர். சித்திக்கு சுரப்பியே அரித்துப்போயிருந்தது. பிட்யூட்டரிக்கு அது தெரியாது. கார்டிசால் வரவில்லையே என்று அது ஏசிடிஎச் என்ற உத்தரவை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடுகிறோம், வீட்டில் ஆளில்லை, குரலை உயர்த்துகிறோம். கேட்கவேண்டியவருக்குக் கேட்காது, தெருவே எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்ப்பவைதான் தோலின் நிறமிச் செல்கள். ஏசிடிஎச்சும் தோலைக் கறுக்கவைக்கும் ஹார்மோனும் ஒரே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை, அதனால் அந்தச் செல்கள் இந்தக் கூச்சலுக்கும் திரும்பும். அப்பத்தாவுக்கோ பிட்யூட்டரியே வாயை மூடிக்கொண்டது. கூச்சல் இல்லை, கறுப்பும் இல்லை. உப்பைக் காக்கும் அல்டோஸ்டிரோனுக்கு முக்கிய எஜமான் சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் ரெனின், பிட்யூட்டரி இல்லை. அதனால் அப்பத்தாவின் மேலடுக்கு தூங்காமல் வேலை பார்த்தது. சித்திக்கு மேலடுக்கும் சேர்ந்து போயிருந்தது, உப்பு சிறுநீரில் ஓடியது.

சித்தியின் ஏசிடிஎச் ரத்தத்தை எடுத்தது நான். ஊதா மூடிக் குழாயை முதலிலேயே ஐஸில் வைத்துக் குளிர்வித்து, எடுத்ததும் மறுபடி ஐஸில் புதைத்து, டீக்கடையில் நிற்காமல் கொண்டுபோக வேண்டும். வெதுவெதுப்பில் அது சிதைந்துவிடும். ரிப்போர்ட் ஆயிரத்துக்கு மேல். எங்கள் லேபின் இயல்பு அளவு அறுபதுக்குள்.

இந்த நோய்க்கு அடிசன் நோய் என்று பேர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் 1855இல் எழுதிய சின்னப் புத்தகத்தில் பதினொரு பேரின் கதை இருக்கிறது. தளர்ச்சி, வாந்தி, நாளுக்கு நாள் மெலிவு, தோலில் ஒரு விசித்திரக் கருமை. இறந்தபின் அறுத்துப் பார்த்தால் அட்ரினல் கெட்டிருக்கும். அந்தக் கருமையைக் காட்டுவதற்காகவே வண்ணப்படங்கள் போட்டிருந்தார். அப்போது இந்தச் சுரப்பி எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. மறு வருடம் பாரிஸில் பிரௌன் செக்கார் என்பவர் மிருகங்களின் அட்ரினலை வெட்டி எடுத்துப் பார்த்தார், எல்லாம் செத்துப்போயின. அடிசன் படம் போட்டது வெள்ளைக்காரத் தோலை. அந்தத் தோலில் கருமை பளிச்சென்று தெரியும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கும் நம் தோலில் அதைப் பார்க்க, முன்னால் எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆள் நாங்கள்தான். நாங்கள் கடலைமாவு கொடுத்தோம்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் இதே நோய். 1947இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். 1960 தேர்தலில் அப்படி ஒன்றும் இல்லையென்று அவர் தரப்பு மறுத்துவிட்டது. அவர் முகத்தில் எப்போதும் இருந்த அந்த வெண்கல நிறத்தைக் கடற்கரை வெயிலில் வந்த ஆரோக்கியம் என்று நினைத்து ரசித்தார்களாம். எங்கள் சித்திக்கு அந்த வசதி இல்லை.

சித்தியின் சுரப்பியை அரித்தது எது? அடிசன் அறுத்துப் பார்த்தவர்களில் பலருக்கு இருந்ததேதான்: காசநோய். இன்றைக்குப் பணக்கார நாடுகளில் இந்த நோய்க்கு முதல் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. உலகக் காசநோயாளிகளில் சுமார் நாலில் ஒருவர் இருக்கும் நம் நாட்டில் பழைய காரணமும் பலமாக இருக்கிறது. சித்திக்கு கல்யாணமான புதிதில் கழுத்தில் காசநோய் நெறிக்கட்டு வந்து மாத்திரை சாப்பிட்டு ஆறியிருந்தது; அதை அவரே மறந்துவிட்டிருந்தார். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சுரப்பி வீங்கித் தெரிந்தது. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் முழுச் சிறுநீரையும் ஐந்து லிட்டர் கேனில் பிடிக்கச் சொன்னார்கள்.

அந்த கேன் பரிசோதனை சுரப்பியின் மையத்துக் குடித்தனத்தைச் சேர்ந்தது. மையப்பகுதியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்று அபூர்வமான ஒரு கட்டி வரும். அது நேரங்காலம் தெரியாமல் அட்ரினலினைப் பீய்ச்சும்: மண்டை வெடிக்கும் தலைவலி, குளித்தது மாதிரி வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பிரஷர் இருநூற்றைத் தாண்டும், கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். நிறையப் பேரைப் பதற்ற நோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு கட்டியில் தெரியாமல் ஊசி குத்தினால் மேஜையிலேயே ஆள் போய்விடக்கூடும். சித்திக்கு ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்ததால் அது இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் குத்தினார்கள். ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1901இல். தூய வடிவில் கையில் கிடைத்த முதல் ஹார்மோன் அதுதான். சித்திக்கு இதெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வெட்கப்பட்டு, அதை ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சித்திக்குப் பிறகு என் மேஜைக்கு வரும் எண்களை நான் பார்க்கும் விதம் கொஞ்சம் மாறியது. பிரஷர் மாத்திரை மூன்று சாப்பிடும் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்குப் பொட்டாசியம் 2.8 வந்தது. சித்திக்கு நேர் எதிர். அல்டோஸ்டிரோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் உப்பு உள்ளே தங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் வெளியே ஓடும். மிச்சிகனில் ஜெரோம் கான் 1955இல் இதை முதலில் விவரித்தார். அபூர்வம் என்று அன்று நினைத்தது, பிரஷர்காரர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கிறது. பரிசோதிக்கப்படுபவர்கள் மிகக் கொஞ்சம். ஒரு பக்கத்துக் கட்டியாக இருந்தால் அறுவை சிகிச்சையில் மாத்திரையே குறைந்துபோகும் என்பதால் எனக்கு இது தாங்கமுடியாத ஆதங்கம்.

இன்னொன்று, பச்சைக்குழந்தைகளின் குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றி எடுக்கும் ரத்தப்புள்ளிகள். கார்டிசால் தயாரிக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே இல்லாமல் போனால், சுரப்பி வழி தெரியாமல் ஆண் ஹார்மோனை உற்பத்தி செய்துவிடும். உலகளவில் சுமார் பதினைந்தாயிரம் குழந்தைகளில் ஒன்று. பெண் குழந்தையின் பிறப்புறுப்பு ஆணுடையது மாதிரி இருப்பதால் சந்தேகம் வந்துவிடும். ஆண் குழந்தை பார்வைக்கு நன்றாக இருக்கும். இரண்டாவது வாரம் பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, உப்பு வற்றி, 'சீர் தட்டிருச்சு' என்று சொல்வதற்குள் முடிந்துவிடும். அப்பா அம்மா இருவரிடமும் அந்தப் பழுதுபட்ட மரபணு இருந்தால்தான் வரும் நோய் இது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் நம் ஊரில் அப்படிச் சேர்வது சுலபம். குதிகாலில் ஒரு துளியைச் சரியான நேரத்தில் எடுத்துவிட்டால், மாத்திரையோடு அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்.

இதற்கு நடுவே 'அட்ரினல் களைப்பு' என்று யூடியூபில் ஒரு சரக்கு ஓடுகிறது. காலையில் சோம்பலாக இருக்கிறதா, அட்ரினல் களைத்துவிட்டது, இந்தப் பொடியைக் குடி. அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்கவில்லை. தூக்கமில்லாதவர்களெல்லாம் எச்சில் கார்டிசால் பார்க்கச் சொல்லி வந்து நிற்கிறார்கள், சித்தி மாதிரியானவர்கள் பாட்டில் ஏற்றிக்கொண்டு ஊரில் கிடக்கிறார்கள்.

சித்திக்குக் காசநோய் மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் மறுபடி தலைசுற்றல், மறுபடி நார்த்தங்காய். இந்தத் தடவை நான் விட்டுவிடவில்லை, அன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஈரலைத் தூண்டிவிட்டு ஹைட்ரோகார்டிசோனை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடும். அளவைக் கூட்டிக் கொடுத்திருந்தும் போதவில்லை, இன்னும் கூட்டினார்கள். காசநோய் சிகிச்சை முடிந்தபின் குறைத்தார்கள். அரித்துப்போன சுரப்பி திரும்பி வரவில்லை, அது அநேகமாக வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது காலையில் கண்விழித்ததும் பத்து மில்லிகிராம், மத்தியானம் ஐந்து, சாயங்காலம் ஐந்து. உடம்பின் அலையை மாத்திரையால் போலி செய்வது இது. கூடவே உப்புக்காக ஃபுளூட்ரோகார்டிசோன் என்ற சின்ன மாத்திரை ஒன்று. அது கம்பத்தில் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, மாதாமாதம் நான் மதுரையில் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

உள்ளங்கைக் கோடுகள் ஐந்தாறு மாதத்தில் வெளுத்தன. பொடி அரைத்துக் கொடுத்தவள் அதைத் தன் பொடியின் மகிமை என்று இன்னமும் நம்புகிறாள். சித்தி அவளிடம் மறுத்துப் பேசுவதில்லை.

காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி வந்து மாத்திரை நிற்கவில்லையென்றால் 100 மில்லிகிராம் ஊசி, வீட்டிலேயே, தொடையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால். இது எல்லா அடிசன் நோயாளிக்கும் பொருந்தும் விதி, மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்டை சித்தியின் சுருக்குப்பையில் இருக்கிறது. ஊசி போடுவது யார்? தங்கச்சி சிரிஞ்சைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறவள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். குப்பியை உடைப்பது, தூளைக் கரைப்பது, காற்றுக் குமிழை வெளியே தள்ளுவது. குத்திப் பழக ஆரஞ்சு கேட்டேன். வீட்டில் ஆரஞ்சு இல்லை. சித்தி எழுந்துபோய் வெயிலில் காயவைக்கக் கூடையில் வைத்திருந்த நார்த்தங்காய் ஒன்றைக் கொண்டுவந்தார். தோல் தடிமன், தொடைக்குச் சரியான பயிற்சி. தங்கச்சி கண்ணை இறுக்கிக்கொண்டு முதல் குத்துக் குத்தினாள், ஊசி வளைந்தது. ஆறாவது தடவை சுத்தமாக இறங்கியது.

சித்தி காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தன ஓட்டை போட்டுட்டீங்களேடா. இனி இதுல உப்பு நிக்குமா?"